வாதத்தை வலுப்படுத்தும் வினாக்கள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிளிநொச்சியில் மாலை வேளைகளில் என்னுடன் இருந்து பயிற்சி செய்கிறவர்கள் பெரும்பாலும் பட்டதாரிகள். அறிவியல்நகரில் விவசாயமோ பொறியியலோ படித்தவர்கள், வவுனியாவில் வியாபாரக் கற்கைகள் முடித்தவர்கள். அநேகமானோர் முகாமைத்துவப் பட்டமேற்படிப்புக்கான ஜிமாட் (GMAT) நுழைவுப் பரீட்சை எழுதப் போகிறார்கள். ஓரிருவருக்குச் சட்டக் கல்லூரிகளின் நுழைவுப் பரீட்சையான எல்சாட் (LSAT) எழுதி வெளிநாட்டில் சட்டம் படிக்க ஆசை. இரண்டு பரீட்சைகளிலும் ஒரே வகை வினா வரும். சிறிய வாதம் ஒன்றைக் கொடுத்து, “பின்வருவனவற்றுள் எது, உண்மையெனின், இவ்வாதத்தை மிகவும் வலுப்படுத்தும்?” என்று கேட்பார்கள். ஒரு காலத்தில் நான் இடறிய அதே இடங்களிலேயே புதிதாக வருகிறவர்களும் இடறுகிறார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

வினாவை ஆறுதலாக வாசியுங்கள், நேரத்தைக் கவனியுங்கள் என்பதெல்லாம் எவரும் சொல்லாமலே தெரிந்தவை. அவற்றை விட்டுவிடுகிறேன்.

எடுகூற்றுக்கு முட்டுக் கொடுப்பது

எடுகூற்று என்பது முடிவைத் தாங்குவதற்காக வாதம் முன்வைக்கும் செய்தி. அதற்கு முட்டுக் கொடுக்கும் இந்தத் தவறைப் பற்றித்தான் நான் அதிகம் பேச வேண்டும். கெட்டிக்காரர்களையே இது பிடிக்கிறது. பிடித்தால் இலகுவில் விடுவதுமில்லை. பயிற்சிக்காக நான் எழுதிய வாதம் ஒன்றைப் பாருங்கள்:

“இரணைமடுக் குளத்தின் கீழுள்ள சில விவசாயிகள் இந்தக் காலபோகத்தில் புதிய நெல்லினம் ஒன்றை விதைத்தார்கள். அவர்களுடைய விளைச்சல் சென்ற காலபோகத்தைவிடக் கணிசமாக உயர்ந்தது. ஆகவே அந்த உயர்வுக்குப் புதிய இனமே காரணம்.”

அ. விளைச்சலை அளந்தவர்கள் பயிற்சி பெற்றவர்கள். அளவுகள் இருமுறை சரிபார்க்கப்பட்டன.
ஆ. புதிய இனத்தின் நெல் சந்தையில் கூடுதல் விலைக்குப் போனது.
இ. அதே வாய்க்காலில் அதே அளவு நீரும் உரமும் பெற்று, பழைய இனத்தையே விதைத்தவர்களின் விளைச்சல் சென்ற காலபோகத்தைப் போலவே இருந்தது.
ஈ. புதிய இனத்தை விதைத்தவர்கள் அடுத்த போகத்திலும் அதையே விதைக்க விரும்புகிறார்கள்.
உ. புதிய இனம் பழையதைவிட ஒரு வாரம் முந்தி அறுவடைக்கு வரும்.

சரியான விடை இ. ஆனால் முதல் தடவை இதைக் கொடுக்கும்போது அ என்று எழுதுகிறவர்களே அதிகம். உயர்தரத்தில் அளவையியலை, அதாவது தர்க்கவியலை, நன்றாகப் படித்த ஒருவர் ஒரு மாலை முழுவதும் அ-வுக்காக என்னுடன் வாதாடினார். “சேர், நெல்லை நிறுத்ததே பிழையென்றால் மற்றதெல்லாம் எதற்கு?” என்று கேட்டார். கேள்வி நியாயமானதுதான். வயலில் நின்று ஒருவர் இந்தக் கதையைச் சொன்னால் நானும் முதலில் அதைத்தான் கேட்பேன். பரீட்சையிலோ விளைச்சல் உயர்ந்தது என்பது கொடுக்கப்பட்டுவிட்ட செய்தி. அதை எவரும் சந்தேகிக்கவில்லை. சந்தேகிக்கப்படாத ஒன்றுக்கு இன்னும் பத்துச் சாட்சிகளைக் கொண்டுவந்தாலும் “ஆகவே” என்ற சொல்லுக்குப் பின்னால் வருவது ஓர் அங்குலம்கூட உறுதியாவதில்லை. வலுத் தேவைப்படுவது அந்த “ஆகவே”க்கு. விளைச்சல் உயர்ந்தது என்பதிலிருந்து விதைதான் காரணம் என்பதற்குப் போகும் பாய்ச்சல்தான் பலவீனமான இடம்.

அந்தப் பலவீனம் எங்கே என்று வன்னி விவசாயிக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதிக்குத் தடை வந்தது. நவம்பரில் தடை நீங்கினாலும் அந்தக் காலபோகத்து நெல் நாடெங்கும் அடிவாங்கியது. அப்படியொரு போகத்தோடு அடுத்த போகத்தை ஒப்பிட்டால், உரம் மீண்டும் கிடைத்த வயலில் பழைய விதைகூட உயர்வைக் காட்டியிருக்கும். மழையும் அப்படித்தான். வடகீழ்ப் பருவமழை ஒழுங்காகப் பெய்த ஆண்டையும் பொய்த்த ஆண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு விதையைப் புகழ முடியாது.

இப்போது இ-யைத் திரும்ப வாசியுங்கள். உரம், நீர், அந்த ஆண்டின் மழை ஆகிய மூன்றும் இரு பகுதியினருக்கும் ஒன்றுதான். வேறுபட்டது விதை மட்டும். விதை மாறாத இடத்தில் விளைச்சலும் மாறவில்லை. ஆங்கிலேய மெய்யியலாளர் ஜோன் ஸ்டுவர்ட் மில் 19ஆம் நூற்றாண்டில் வகுத்த வேற்றுமை முறை இதுவே. அளவையியல் படித்தவர்கள் அதை மனப்பாடமாகச் சொல்வார்கள். என்னுடன் வாதாடியவரும் சொன்னார். ஆனால் தேர்வுத்தாளில் அது நெல்வயல் வேடத்தில் வந்து நின்றபோது அவர் அதை அடையாளம் காணவில்லை. எனக்கு இன்றும் எரிச்சல் தருவது இதுதான். அறிவு கையில் இருக்கிறது, பயன்படவில்லை.

நான் சொல்லிக் கொடுக்கும் வழி எளியது. தெரிவுகளைப் பார்க்கும் முன்னரே உங்களையே ஒரு கேள்வி கேளுங்கள்: எடுகூற்றுகள் அத்தனையும் உண்மையாக இருந்தும் முடிவு பொய்யாகக்கூடுமா? எப்படி? அந்த “எப்படி”க்கு ஒரு கதையாவது சொல்லுங்கள். உரம் வந்தது, மழை பெய்தது, நல்ல நிலமுள்ளவர்கள்தான் புதிய விதையை வாங்கினார்கள். பிறகு அந்தக் கதைகளில் ஒன்றையாவது அடைக்கிற தெரிவைத் தேடுங்கள். அ எந்தக் கதையையும் அடைப்பதில்லை. ஈ விவசாயிகளின் விருப்பத்தைச் சொல்கிறது. அவர்களும் நம்மைப் போலவே தவறாக முடிவெடுத்திருக்கலாம்.

ஒரு நுணுக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். தரவைப் பற்றிப் பேசுகிற தெரிவெல்லாம் பிழை என்று புதிய விதி ஒன்றை எழுதி வைத்துக்கொள்ளாதீர்கள். ஒட்டுசுட்டானில் கச்சான் (நிலக்கடலை) செய்கிற சிலரிடம் விசாரித்துவிட்டு, முல்லைத்தீவு மாவட்டம் முழுவதற்கும் ஒரு முடிவைச் சொல்கிற வாதம் வந்தால், “விசாரிக்கப்பட்டவர்கள் காணி அளவிலும் நீர் வசதியிலும் மாவட்டத்தின் ஏனைய செய்கையாளர்களை ஒத்தவர்கள்” என்பது நல்ல விடை. அவர்கள் சொன்னதைச் சரியாகக் குறித்துக்கொண்டார்கள் என்பது எடுகூற்றைத் தாங்குகிறது. அவர்கள் மற்றவர்களுக்காகவும் பேசக்கூடியவர்கள் என்பதுதான் சிலரிலிருந்து எல்லோருக்கும் போகும் பாய்ச்சலைத் தாங்குகிறது.

முழு நிரூபணத்தை எதிர்பார்ப்பது

இதுவும் அளவையியல் மாணவர்களின் தவறு. வலிதான வாதத்தில் எடுகூற்றுகள் உண்மையானால் முடிவு பொய்யாகவே முடியாது. அந்தக் கண்ணோடு வருகிறவர்கள் இ-யைப் பார்த்தும், “புதிய விதை போட்டவர்கள் களையைக் கூடுதலாகப் பிடுங்கியிருந்தால்?” என்று கேட்டுக் கைவிடுகிறார்கள். வினா கேட்டது வலுப்படுத்தச் சொல்லி. முடிவு முன்பு இருந்ததைவிட நம்பத்தக்கதாகிவிட்டால் அந்தத் தெரிவு தன் வேலையைச் செய்துவிட்டது. ஐந்தில் அதிகம் செய்தது எதுவோ அதுவே விடை.

தெரிவோடு சண்டை பிடிப்பது

யானை மின்வேலி பற்றிய வாதம் ஒன்று: வேலி போட்ட கிராமங்களில் பயிர்ச்சேதம் குறைந்தது, ஆகவே வேலியே யானையைத் தடுக்கிறது. சரியான தெரிவு, “மின்சாரம் தடைப்பட்ட இரவுகளில் மட்டுமே அக்கிராமங்களுக்குள் யானை வந்தது.” எல்லையோரக் கிராமத்திலிருந்து வருகிற ஒரு தங்கச்சி அதை வெட்டிவிட்டார். “மரத்தைத் தள்ளி விழுத்தி வேலியை உடைத்துக்கொண்டு யானை வரும், சேர். மின்சாரம் இருந்தாலும் வரும்.” யானை அப்படிச் செய்வது உண்மை, அவர் கண்ணால் கண்டவர். அந்த அனுபவத்தை நான் மதிக்கிறேன். ஆனால் “உண்மையெனின்” என்று வினா சொன்ன பிறகு, தெரிவு நடக்கக்கூடியதா என்று விசாரிக்க நமக்கு இடமில்லை. உண்மையென்று ஏற்றுக்கொண்டு, அது வாதத்துக்கு என்ன செய்கிறது என்று மட்டும் பாருங்கள். ஊர் அனுபவத்தை மாற்றுக் காரணங்களைத் தேடும்போது பயன்படுத்துங்கள். அங்கே அது பெரிய சொத்து.

“எல்லா”, “மட்டும்”, “ஒருபோதும்” கண்டு ஒதுங்குவது

கொடுத்த கூற்றுகளிலிருந்து எது கட்டாயம் பெறப்படும் என்று கேட்கும் வினாக்களில்தான் இத்தகைய கடுஞ்சொற்களுக்கு அஞ்ச வேண்டும். இங்கே தெரிவு எவ்வளவு அழுத்தமாகச் சொல்கிறதோ அவ்வளவு உதவும். “சில”, “சாத்தியம்” என்று மெல்லப் பேசுகிற தெரிவுதான் பெரும்பாலும் பயனற்றது.

மறுத்துப் பார்க்கும் சோதனை

ஒரு தெரிவை மறுத்துப் பார்த்து, வாதம் விழுகிறதா என்று சோதிப்பதுதான் இது. வாதம் சொல்லாமல் நம்பியிருக்கும் எடுகோளைக் கண்டுபிடிக்கும் வினாவுக்கு அது உரியது. இங்கே வேண்டாம். வலுப்படுத்தும் கூற்று இல்லாமலும் வாதம் நிற்கலாம்.

“தவிர” வினா

“பின்வருவனவற்றுள் ஒன்றைத் தவிர ஏனையவை வாதத்தை வலுப்படுத்தும், அந்த ஒன்று எது?” என்றும் கேட்பார்கள். அங்கே நான்கு தெரிவுகள் வலுப்படுத்தும். ஐந்தாவது வாதத்தைத் தாக்க வேண்டியதில்லை. சம்பந்தமில்லாமல் இருந்தாலே அதுதான் விடை.

எண்ணிக்கையும் வீதமும்

ஏ9 வீதியில் பஸ் விபத்துகளைவிட மோட்டார் சைக்கிள் விபத்துகள் அதிகம், ஆகவே மோட்டார் சைக்கிள் பயணமே ஆபத்தானது என்று ஒரு வாதம் வந்தால், எத்தனை பேர் எதில் எவ்வளவு தூரம் போகிறார்கள் என்று பேசுகிற தெரிவை முதலில் பாருங்கள்.

நேரம் போதாது என்று இந்த வகையை ஒதுக்குவது

செய்யாதீர்கள். 2024 ஓகஸ்டிலிருந்து எல்சாட்டில் புள்ளி கணக்கிடப்படும் மூன்று பகுதிகளில் இரண்டு, இந்த வகை வினா வரும் தர்க்க நியாயத்துக்குரியவை. ஒவ்வொன்றுக்கும் 35 நிமிடம். ஜிமாட்டின் இன்றைய வடிவத்தில் மொழிப் பகுதியின் 23 வினாக்களுக்கு 45 நிமிடம். வாசிப்பு வினாக்களோடு இந்த வகையும் அதற்குள்தான் வருகிறது. ஒரு வினாவுக்கு இரண்டு நிமிடமும் இல்லை. அதில் முதல் அரை நிமிடத்தை “ஆகவே” எங்கே இருக்கிறது, அங்கே என்ன குறைகிறது என்று பார்ப்பதற்குக் கொடுங்கள். தெரிவுகளை வாசிக்க மீதி நேரம் போதும்.