வி.ஆர். ஹெட்செட்டில் உடற்பயிற்சி: வீட்டில் செய்யும் முறை

வி.ஆர். ஹெட்செட் என்பது கண்ணை மூடி மாட்டும் திரை; மாட்டினால் அறை தெரியாது, விளையாட்டு உலகம்தான் தெரியும். அதை மாட்டி உடற்பயிற்சி செய்ய நம் வீடுகளில் முதல் எதிரி சீலிங் ஃபேன். ஹெட்செட்டில் வரைந்துவைக்கும் எல்லைக்கோடு சுவரிலும் சோபாவிலும் மோதாமல் காக்கும். தலைக்கு மேலே சுற்றுவதற்கு அது பொறுப்பல்ல. கண்ட்ரோலரைப் பிடித்தபடி கையை முழுதாக உயர்த்திப் பாருங்கள். இறக்கையோ டியூப்லைட்டோ எட்டினால் வேறு அறை பாருங்கள். எட்டாவிட்டாலும் ஃபேனை நிறுத்திவிட்டு, எல்லைக்கு வெளியே எதிரில் ஒரு ஸ்டாண்ட் ஃபேன் வையுங்கள். முகத்தில் காற்று படுவதை வைத்தே எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறோம் என்று தெரிந்துவிடும்.

2 மீட்டருக்கு 2 மீட்டர் காலியிடம் வேண்டும். நடுவில் வழுக்காத ரப்பர் மேட் விரித்து வெறுங்காலோடு நில்லுங்கள். விளிம்பு காலில் தட்டினால் நகர்ந்துவிட்டோம் என்று அர்த்தம். கண்ட்ரோலர் கயிற்றை மணிக்கட்டில் மாட்டாமல் தொடங்க வேண்டாம். வியர்த்த கையிலிருந்து அது பறந்தால் டிவிதான் பலி.

நின்ற இடத்திலேயே ஆடும் விளையாட்டுகளை எடுங்கள்: பாட்டுக்கேற்பப் பறந்துவரும் கட்டைகளை ஒளிவாளால் வெட்டும் பீட் சேபர், குத்துச்சண்டை வகைகள். ஜாய்ஸ்டிக்கால் ஓடவைக்கும் விளையாட்டில் கண் நகர்கிறோம் என்கும், சமநிலையை உணரும் உள்காது இல்லை என்கும். அந்த முரண்தான் குமட்டல். லேசாகத் தலை சுற்றினாலே கழற்றிவிடுங்கள். வலிப்பு, இதயக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது.

பீட் சேபரில் ஒரு சாதாரணக் கட்டைக்கு அதிகபட்சம் 115 புள்ளி: வெட்டுமுன் 100 பாகை வீச்சுக்கு 70, வெட்டியபின் 60 பாகைக்கு 30, நடுவில் வெட்டினால் 15. அளக்கப்படுவது வாளின் கோணம்தான், உங்கள் தோளின் உழைப்பல்ல. அதனால் கை பழகியவர்கள் மணிக்கட்டைச் சுழற்றியே புள்ளி அள்ளுகிறார்கள். புள்ளி ஏறும், வியர்வை குறையும். எக்ஸ்பர்ட் என்ற கடின நிலைக்கு அவசரப்படாமல், தோளிலிருந்து வீச நேரம் கிடைக்கும் நிலையிலேயே இருங்கள். குனிந்து தப்ப வேண்டிய சுவர்கள் வரும் பாடல்கள் நல்லவை. இடுப்பை வளைக்காமல் முழங்காலை மடக்கி இறங்கினால் அது ஸ்குவாட்.

குத்துச்சண்டையில் முழங்கை வலி வருவது வெற்றுக்காற்றைக் குத்துவதால். தடுக்க எதுவும் இல்லாததால் மூட்டு கடைசிவரை நீண்டு வெட்டி நிற்கிறது. கை முழுதும் நீளுமுன் இழுத்துக்கொள்ளுங்கள்.

ஆடும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் மிதமான வேகம். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் குறைந்தபட்ச அளவு வாரம் 150 நிமிடம். அரைமணி வீதம் 5 நாள் ஆடினால் சரியாகும். தசை வலுவுக்கு வாரம் 2 நாள் தண்டாலோ டம்பெல்லோ தனியாக வேண்டும், இதில் அது கிடைக்காது.

பலரும் விட்டுவிடுவது சலிப்பால் அல்ல. ஆட நினைக்கும் நேரத்தில் சார்ஜ் இருக்காது, அப்டேட் ஓடும், முகத்துப் பஞ்சு நேற்றைய வியர்வையில் நாறும். ஆடி முடித்ததுமே சார்ஜில் போடுங்கள். பஞ்சின்மேல் சிலிகான் உறை மாட்டினால் கழுவிக் காயவைக்கலாம். லென்ஸுக்கு உலர்ந்த மைக்ரோஃபைபர் துணி மட்டும், ஸ்பிரிட் ஆகாது. ஜன்னலோரம் வைக்காதீர்கள்: லென்ஸ் வழியே வெயில் குவிந்து திரையைச் சுட்டுவிடும்.