கட்டுமான மேலாண்மை படிக்கக் கலிஃபோர்னியா கம்யூனிட்டி காலேஜ்

கட்டுமான வேலையில் இருந்துகொண்டே சூப்பர்வைசர் நிலைக்குப் போக நினைப்பவர்களுக்கு, கலிஃபோர்னியா கம்யூனிட்டி காலேஜின் இரண்டு வருட அசோசியேட் டிகிரி நல்ல வழி. மாநிலவாசிகளுக்கு ஒரு யூனிட் (பாடத்தின் அளவைக் கணக்கிடும் அலகு) 46 டாலர்தான். டிகிரிக்கு வேண்டிய 60 யூனிட்டுக்கு 2,760 டாலர். புத்தகச் செலவு தனி. வெளிமாநிலத்தவருக்குக் கட்டணம் பல மடங்கு என்பதையும் மறக்க வேண்டாம்.

சேருவதற்கு முன்பே ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள்: பிறகு பேச்சலர் டிகிரி படிக்கப் போகிறீர்களா? ஆம் என்றால், எந்தப் பாடம் எந்தப் பல்கலைக்கழகத்தில் செல்லும் என்பதை 'அசிஸ்ட்' இணையதளத்தில் பார்த்துவிட்டு எடுங்கள். கவுன்சிலர் சொன்னாலும் நீங்களே ஒருமுறை சரிபாருங்கள்.

அப்புறம், எஸ்டிமேட்டிங் (எவ்வளவு பொருள், எவ்வளவு செலவு என்று கணக்கிடும்) வகுப்பைத் தள்ளிப்போடாதீர்கள். 20 அடிக்கு 20 அடி, 4 அங்குலத் தடிமனில் ஒரு தளம் போட எவ்வளவு கான்கிரீட்? 133 கன அடி சொச்சம். ஒரு கன கெஜத்துக்கு 27 கன அடி; 27-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 5 கன கெஜம். சிந்துவது, தரை மேடுபள்ளம் எல்லாம் சேர்த்து 5½ சொல்வதுதான் கெட்டிக்காரத்தனம். பாதியில் கான்கிரீட் தீர்ந்து அடுத்த லாரிக்குக் காத்திருப்பதைப்போல் கொடுமை வேறில்லை!

பலருக்குத் தெரியாத ஒன்று: கான்ட்ராக்டர் லைசென்ஸுக்கு நான்கு வருட அனுபவம் வேண்டும். அதில் ஒன்றரை வருடம் வரை இந்த டிகிரியைக் காட்டிக் கழித்துக்கொள்ளலாம். டிரான்ஸ்கிரிப்டை (மதிப்பெண் பட்டியலை) பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.