போன், திரைச்சீலை, சாம்பிராணிப் புகை: எண்பதுகள் பாணியில் ஒரு சிந்த்-பாப் வீடியோ எடுப்பது எப்படி?

எண்பதுகளின் தொடக்கத்தில் பிரிட்டனில் எடுத்த சிந்த்-பாப் (சிந்தசைசர் என்ற மின்னணுக் கீபோர்டை வைத்து இசைக்கும் பாப்) வீடியோக்கள் என்றால் எனக்கு உயிர். அளவுக்கு மீறிய புகை, கண்ணைப் பறிக்கும் நீலமும் ரோஸும், ஓரம் பிசிறடிக்கும் பின்னணி, பாட்டுக்குச் சம்பந்தமே இல்லாமல் வந்து போகும் ஒரு மாடு. மாடு நிஜமாகவே வரும். யூரித்மிக்ஸ் குழுவின் 'ஸ்வீட் ட்ரீம்ஸ்' (1983) பாருங்கள்.

இதெல்லாம் ஏன் வந்தது என்று புரிந்தால்தான் நம்மால் சரியாக எடுக்க முடியும். ராக் குழுவில் கிட்டார்காரர் குதிப்பார், டிரம்மர் வியர்க்க வியர்க்க அடிப்பார். சிந்த்-பாப்பில் ஒருவர் பாடுவார், இன்னொருவர் கீபோர்டில் ஒற்றை விரலை வைத்துக்கொண்டு நிற்பார். தாளத்தை மெஷின் பார்த்துக்கொள்ளும். கேமராவுக்கு அங்கே வேலையே இல்லை. ஆட்கள் அசையாததால் சுற்றியிருந்த எல்லாவற்றையும் அசைத்தார்கள்: புகை, நிழல், கண்ணாடி, டிவி பெட்டி. பணமும் பெரிதாகக் கிடையாது. அல்ட்ராவாக்ஸ் குழுவின் 'வியன்னா' வீடியோவுக்கு ரெக்கார்டு கம்பெனி காசு தர மறுத்தது; குழுவினரே கைக்காசு போட்டு எடுத்தார்கள். நாம் வியன்னா நகரம் என்று நம்பும் காட்சிகளில் பல, லண்டன் கோவென்ட் கார்டனில் எடுத்தவை. 1981 ஆகஸ்ட் 1 அன்று அமெரிக்காவில் எம்டிவி என்ற பாட்டு வீடியோ சேனல் தொடங்கியபோது, நாள் முழுக்க ஓட்ட வீடியோ போதவில்லை. பிரிட்டிஷ் குழுக்களிடம் வீடியோ தயாராக இருந்ததால் அவை அங்கே ஓடித் தள்ளின.

சரி, வேலைக்கு வருவோம்.

படி 1: பாட்டும் போன் செட்டிங்கும்

உங்கள் சொந்தப் பாட்டாக இருந்தால் காப்புரிமைத் தொல்லை இல்லை. போனில் 'ப்ரோ' மோடையோ தனி கேமரா ஆப்பையோ திறந்து, வினாடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் 1/50 என்று வையுங்கள். பிரிட்டனிலும் இந்தியாவிலும் இருந்த பழைய டிவி முறைக்கு இதுதான் வேகம். நம் மின்சாரமும் 50 ஹெர்ட்ஸ் என்பதால் டியூப்லைட் மினுக்கும் வராது. எக்ஸ்போஷரையும் (வெளிச்ச அளவு) ஒயிட் பேலன்ஸையும் (நிறச் சமநிலை) தானாக மாறாதபடி லாக் செய்துவிடுங்கள். படத்தின் அளவு 4:3. டிவி அப்போது அப்படித்தான் இருந்தது.

படி 2: வெளிச்சம்

அறையை இருட்டாக்குங்கள். பின்னால் ஒரு கறுப்புத் திரைச்சீலை. ஒரு பக்கம் நீலம், மறுபக்கம் ரோஸ்: இரண்டு எல்இடி விளக்குகளுக்கு முன்னால் கலர் கண்ணாடித்தாள் போதும். சூடாகும் பழைய பல்பு மேல் அதை ஒட்ட வேண்டாம், கருகிவிடும்.

அப்புறம் அந்தக் காலத்து ஜன்னல் பட்டை நிழல். அட்டையில் விரல் அகலத்துக்கு நீளவாக்கில் கீறல்கள் வெட்டி, ஒரு டார்ச்சுக்கு முன்னால் பிடியுங்கள். நிழல் மங்கலாக விழுந்தால் அட்டையை முகத்தின் பக்கம் நகர்த்துங்கள், கூர்மையாகும். யாராவது அட்டையை மெல்ல மேலும் கீழும் ஆட்டட்டும். பாடுபவர் சிலை மாதிரி நின்றாலும் முகத்தில் ஒரு நாடகமே ஓடும்.

புகைக்குச் சாம்பிராணி போடலாம். கதவைத் திறந்து வையுங்கள்; ஆஸ்துமா உள்ளவர்கள் இருந்தால் புகையே வேண்டாம். விளக்கு புகைக்குப் பின்னால் இருக்க வேண்டும், முன்னால் வைத்தால் புகை தெரியாது.

படி 3: டிவிக்குள் டிவி

எனக்கு மிகப் பிடித்த பகுதி இது. கேமரா எடுப்பதை டிவியில் ஓடவிட்டு, அதே டிவியை அந்தக் கேமராவால் எடுத்தால் முடிவில்லாத சுரங்கம் உருவாகும். எந்தச் சாஃப்ட்வேரும் வேண்டாம், செலவும் இல்லை. குவீன் குழுவின் 'போஹீமியன் ராப்சடி' (1975) வீடியோவில் முகம் வரிசையாக நீண்டு போவதும் இதே வித்தைதான்.

போனை வயர் மூலமாகவோ காஸ்ட் செய்தோ டிவியுடன் இணையுங்கள். கேமரா ஆப்பின் பட்டன்களும் டிவியில் தெரியும். ஸூம் செய்தால் அவை ஃபிரேமுக்கு வெளியே போய்விடும். இப்போது போனைக் கொஞ்சம் சாய்த்துப் பிடியுங்கள், சுரங்கம் சுழல ஆரம்பிக்கும். திரை வெள்ளையாக வெடித்தால் டிவியின் பிரைட்னஸைக் குறையுங்கள். போனுக்கும் டிவிக்கும் நடுவே கையை மெதுவாக அசைத்துப் பாருங்கள். விரல்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பின்தொடரும். காஸ்ட் செய்தால் படம் சற்றுத் தாமதமாக வரும், அது இன்னும் அழகு. பத்து நிமிடம் விடாமல் ரெக்கார்ட் செய்துவிட்டு, நன்றாக வந்த துண்டுகளை மட்டும் பின்னணிக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 4: நடிப்பு

முழு வீடியோவும் இங்கேதான் நிற்கிறது அல்லது விழுகிறது. பாட்டை ஸ்பீக்கரில் சத்தமாக ஓடவிட்டு உதட்டை அசைக்கச் சொல்லுங்கள். முகத்தில் சிரிப்பு கூடாது, 'இதெல்லாம் தமாஷ்' என்ற பார்வையும் கூடாது. தி ஹியூமன் லீக்கின் பில் ஓக்கி, முடி ஒரு பக்கம் மட்டும் நீண்டு தொங்க, உலகமே தன்னைக் கைவிட்டது போல் பாடுவார். அவர் அதை நம்பினார், அதனால் நாமும் நம்பினோம். கிண்டலாக எடுத்த எண்பதுகள் வீடியோக்கள் ஒருமுறை பார்த்ததும் சலித்துவிடுகின்றன. மூலத்தை நாற்பது வருடம் கழித்தும் பார்க்க வைப்பது அந்த நம்பிக்கைதான்.

ஒரு சின்ன உத்தி: பாட்டை இருமடங்கு வேகத்தில் ஓடவிட்டு, வினாடிக்கு 50 ஃபிரேமில் எடுங்கள். எடிட்டிங்கில் பாதி வேகத்துக்குக் கொண்டுவந்தால் உதடு பாட்டோடு ஒட்டிக்கொள்ளும். முடியும் புகையும் மட்டும் மிதக்கும்.

படி 5: எடிட்டிங்

பச்சைத் துணிக்கு முன்னால் எடுத்தால், பச்சையை நீக்கிவிட்டு வேறு பின்னணியைச் சேர்க்கும்போது ஓரத்தைச் சுத்தமாக்கப் பாடுபடாதீர்கள். அந்தப் பிசிறு இருக்கட்டும். ஃப்ரீஸ் (படம் ஒரு கணம் உறைவது), வைப் (அடுத்த காட்சி முந்தையதைத் துடைத்துக்கொண்டு வருவது) இரண்டும் தாளத்தில் விழுந்தால் போதும்.

பழைய டேப் தோற்றத்துக்கு, கீறலும் புள்ளியும் சேர்க்கும் ஃபில்டர்களைத் தொடாதீர்கள், அவை மிகையாகவே இருக்கும். விஎச்எஸ் டேப்பில் (பழைய வீடியோ கேசட்) வெளிச்சமே கிடைமட்டத்தில் சுமார் 240 கோடு அளவுக்குத்தான் பதியும், நிறம் அதைவிடப் பல மடங்கு மங்கல். ஆகவே நிறத்தை மட்டும் பிரித்து மங்கலாக்கி, ஒரு துளி வலப்பக்கம் தள்ளுங்கள். சிவப்பு உதடு முகத்தில் வழிந்தால் சரியாகச் செய்துவிட்டீர்கள் என்று அர்த்தம்.

யூடியூபில் ஏற்றும் முன் 1440-க்கு 1080 அளவுக்குப் பெரிதாக்கி ஏற்றுங்கள். சின்ன அளவிலேயே ஏற்றினால் யூடியூப் வீடியோவை இன்னும் அமுக்கும். புகை இருக்கும் இடமெல்லாம் கட்டம் கட்டமாக உடையும்.