கன்றுக்குக் காலிலோ சப்பையிலோ அடிபட்டால்

கன்று மூன்று காலில் நிற்பதைப் பார்த்ததும் வீட்டில் எல்லோரும் செய்வது ஒன்றுதான்: ஓடிப்போய் அந்தக் காலைப் பிடித்து இழுத்துப் பார்ப்பது. அதை மட்டும் செய்யாதீர்கள். கீறல் விட்ட எலும்பு அந்த இழுப்பில் முழுசாக ஒடிந்துவிடும். ஒடிந்த முனை தோலைக் கிழித்து வெளியே வந்துவிட்டால் சீழ், புழு என்று வைத்தியமே வேறாகிவிடும்.

நான் சத்தியமங்கலத்துக்கும் பவானிசாகருக்கும் நடுவில் மாடு வளர்க்கிறவள். எல்லாம் ஜெர்சி கலப்பு, பால் சொசைட்டிக்குப் போகிறது. கட்டுத்தறியில் கன்றுக்குக் கால் தொந்தரவு வராத வருஷம் அநேகமாகக் கிடையாது. டாக்டர் வந்து சேரும்வரை நம் கையில் இருக்கிற நேரத்தில் என்ன செய்யலாம், எதைத் தொடக்கூடாது என்பதைத்தான் எழுதுகிறேன். மருந்துக் கணக்கெல்லாம் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் இடத்தைக் கண்டுபிடியுங்கள்

தாயைக் கொஞ்சம் தள்ளிக் கட்டுங்கள், ஆனால் கன்றின் கண்ணில் படுகிற தூரத்தில். தாய் தெரியாவிட்டால் கன்று எழுந்து ஓடப் பார்க்கும். வைக்கோலைப் பரப்பி, அடிபட்ட கால் மேலே வரும்படி கன்றை ஒருக்களித்துப் படுக்க வைத்து, தலையை ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும். நல்ல காலையும் நொண்டுகிற காலையும் மாற்றி மாற்றித் தடவிக்கொண்டே குளம்பிலிருந்து மேலே போங்கள். குளம்புப் பிளவை விரித்துப் பார்க்க மறக்காதீர்கள். எங்கள் பக்கம் சீமைக்கருவேல முள் ஏறி நொண்டுகிற கன்று நிறைய. முள்ளை எடுத்து அயோடின் வைத்ததும் அது நடந்துவிடும், டாக்டருக்கே வேலை இருக்காது.

வீக்கம், சூடு, வளையக்கூடாத இடத்தில் வளைவு, விரலுக்கடியில் நறநறவென்று ஒரு உரசல், இவைதான் ஒடிவின் அடையாளம். இதில் உரசலை ஒருமுறை உணர்ந்தால் போதும். கூட நிற்பவர் "எங்கே, நானும் பார்க்கிறேன்" என்பார். காட்டாதீர்கள்.

முட்டிதான் எல்லை. முன்னங்காலில் நடுவில் மடங்குகிற முட்டி, பின்னங்காலில் பின்பக்கம் துருத்திக்கொண்டு நிற்கிற முட்டி. அதற்குக் கீழே ஒடிந்திருந்தால் நாமே தற்காலிகக் கட்டுப் போடலாம், போடவும் வேண்டும். அதற்கு மேலே என்றால் கட்டே கூடாது.

முட்டிக்குக் கீழே ஒடிந்திருந்தால்

இளங்கன்றுக்கு அதிகம் ஒடிவது இந்த இடம்தான். தாய் மிதித்துவிடும், தும்புக் கயிறு காலில் சுற்றிக்கொள்ளும், சாக்கடைச் சந்தில் கால் மாட்டும்.

தேவையானவை எல்லாம் தோட்டத்திலேயே கிடைக்கும். பஞ்சு ஒரு பெரிய கட்டு, துணிப்பட்டை, போர்வெல் வேலையில் மிச்சமான இரண்டரை அங்குல பிவிசி பைப் ஒரு துண்டு. பைப்பை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, விளிம்பை அரத்தால் தேய்த்து மழுக்கிவிடுங்கள். பைப் இல்லையென்றால் மூங்கில் தப்பை, நான்கு இருந்தால் நல்லது.

நீளத்தில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். ஒடிந்த இடத்தை மட்டும் சுற்றி ஒரு சாண் தப்பை வைத்துக் கட்டுவது கட்டாமல் விடுவதைவிட மோசம். கட்டின் விளிம்பிலேயே எலும்பு மறுபடி மடங்கும். ஒடிவுக்கு மேலே ஒரு மூட்டு, கீழே ஒரு மூட்டு, இரண்டும் அசையாமல் நிற்க வேண்டும். அதனால் முன்னங்கால் என்றால் குளம்பு நுனியிலிருந்து முழங்கைக்குச் சற்றுக் கீழே வரை பைப் வர வேண்டும். பின்னங்கால் முட்டி வளைந்திருப்பதால் நேர்ப் பைப் அதைத் தாண்டாது. அங்கே காலின் பின்பக்கமாக, குளம்பிலிருந்து துருத்திய முட்டியின் உச்சி வரை வைத்து, வெளிப்பக்கம் ஒரு தப்பை கொடுங்கள்.

காலை உங்கள் கண்ணுக்கு நேராகத் தெரிகிற நிலையில் ஒருவர் பிடித்திருக்க, குளம்புப் பிளவுக்கு நடுவிலும் பஞ்சு வைத்து, கீழிருந்து மேலாகச் சுற்றுங்கள். பைப்பின் மேல்முனை தோலில் உரசுகிற இடத்துக்கு இன்னும் ஒரு சுற்றுப் பஞ்சு. அதன்மேல் பைப், அதன்மேல் துணிப்பட்டை. கட்டு ஆடக்கூடாது, அதே சமயம் மேல்விளிம்பில் ஒரு விரல் நுழைய வேண்டும். எலும்பை நேராக்கப் போராட வேண்டாம். அது டாக்டர் மயக்க ஊசி போட்டுச் செய்கிற வேலை.

எலும்பு வெளியே தெரிந்தால் சலைன் பாட்டிலை வாங்கி ஊற்றிக் கழுவுங்கள். கடை மூடியிருந்தால் கொதித்து ஆறிய தண்ணீர் ஒரு லிட்டரில் ஒன்றரைச் சிறு கரண்டி உப்பு. சுத்தமான ஈரத்துணியால் மூடி, அப்புறம் பஞ்சும் பைப்பும். மஞ்சள், சாம்பல், மண்ணெண்ணெய், கழிவு ஆயில் எதுவும் உள்ளே போகக்கூடாது. அன்றைக்கே டாக்டர் பார்த்தாக வேண்டும்.

எங்கள் பக்கத்தில் நாட்டுக்கட்டுக்குக் கூட்டிப்போவது வழக்கம். கை தேர்ந்தவர்கள் இருக்கிறார்கள், இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் பஞ்சு இல்லாமல், கயிறால் இறுக்கி, பதினைந்து நாள் பிரிக்கக்கூடாது என்று சொல்கிற கட்டு வேண்டவே வேண்டாம். ரத்த ஓட்டம் நின்று கட்டுக்குக் கீழே கால் கறுத்துச் செத்துவிடும். ஒடிந்த எலும்பாவது கூடும், செத்த காலுக்கு வழியில்லை.

தொடையும் சப்பையும்

இங்கே தப்பை வைத்தால் அதன் மேல்முனை ஒடிந்த இடத்திலேயே நின்று, காலின் பாரம் முழுவதையும் அங்கே நெம்பும். அதனால் வெறுமனே படுக்க வையுங்கள், அசைக்காதீர்கள்.

சப்பை மூட்டு, அதாவது இடுப்பில் தொடை எலும்பு சேருகிற மூட்டு, விலகியதா என்று ஓரளவுக்கு நாமே ஊகிக்கலாம். கன்று தானாக நின்றால் பின்னால் போய்ப் பாருங்கள். ஒரு பக்கத் தொடை எலும்பின் மேடு மற்றதைவிட மேலேறி இருக்கிறதா? அந்தப் பக்கக் கால் குட்டையாகத் தெரிந்து, குளம்பு நுனி வெளிப்பக்கம் திரும்பியிருக்கிறதா? அப்படியென்றால் தொடை எலும்பின் பந்து இடுப்புக் கிண்ணத்தை விட்டு மேலே முன்னே நழுவியிருக்க வாய்ப்பு அதிகம். இதில் நேரம்தான் எல்லாம். முதல் 24 மணி நேரத்துக்குள் டாக்டர் மயக்கம் கொடுத்து உள்ளே தள்ளினால் நிற்கிற வாய்ப்பு நன்றாக இருக்கும். நாள் போகப் போகத் தசை இறுகிக் கிண்ணமும் தூர்ந்துவிடும். "சுளுக்கு, நாளைக்குச் சரியாகும்" என்று எண்ணெய் தேய்த்துக்கொண்டு உட்காராதீர்கள். இளங்கன்றில் தொடை எலும்பின் தலையே எலும்பு வளர்கிற குருத்துக் கோட்டில் பிரிந்துவிடுவதும் உண்டு. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்று போலத்தான் தெரியும், எக்ஸ்ரேதான் சொல்லும். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு எங்கள் ஊரிலிருந்து கன்றை ஏற்றிக்கொண்டு போகிறவர்கள் இதற்காகத்தான் போகிறார்கள்.

உள்ளூரில் டாக்டர் கிடைக்காவிட்டால் 1962-க்கு அழையுங்கள், நடமாடும் வண்டி வரும். நாமே ஏற்றிப்போவதானால் வண்டியில் வைக்கோலைக் கனமாகப் போட்டு, அடிபட்ட பக்கம் மேலே இருக்க, ஒருவர் கூடவே உட்கார்ந்து வர வேண்டும். நிற்க வைத்துக் கட்டி ஏற்றாதீர்கள்.

இழுத்துப் பிறந்த கன்று

பிறந்த அன்றே கால் ஊன்றாத கன்று பெரும்பாலும் நம் கையால் அடிபட்டது. தலையீத்துக் கிடாரி, பெரிய கன்று, ஆளுக்கொரு பக்கமாக நான்கு பேர் கயிற்றைப் பிடித்து இழுப்பது. டிராக்டரில் கட்டி இழுத்ததையும் பார்த்திருக்கிறேன், அதை என்ன சொல்ல.

இழுத்தே ஆக வேண்டுமென்றால் விரல் பருமனுள்ள சுத்தமான நூல்கயிறு. நைலான் வேண்டாம். கணுவுக்கு (குளம்புக்குச் சற்று மேலே உள்ள மூட்டு) மேலே ஒரு சுருக்கு, கணுவுக்குக் கீழே அதே கயிற்றில் இன்னொரு சுற்று. அப்போதுதான் பாரம் ஓரிடத்தில் விழாது. இரண்டு பேர் போதும். மாடு முக்கும்போது மட்டும் இழுங்கள், அது நிறுத்தினால் நீங்களும் நிறுத்துங்கள். இரண்டு காலையும் ஒன்றாக இழுக்காமல் ஒன்று மாற்றி ஒன்று.

தலையும் நெஞ்சும் வந்து சப்பையில் மாட்டிக்கொண்டால் பலம் கொடுப்பதால் பலனில்லை. கன்றைக் கால்வாசி வட்டம் திருப்பி, தாயின் பின்னங்கால் முட்டியைப் பார்த்துக் கீழ்நோக்கி இழுக்க வேண்டும். இந்த இடத்தில் முரட்டுத்தனம் காட்டினால் தொடை நரம்பு அடிபடும். அப்படிப்பட்ட கன்று எழுந்து நிற்கும், பாரம் வைத்ததும் பின்னங்கால் மடங்கி உட்கார்ந்துவிடும். ஒரு வாரத்தில் தொடையின் முன்பக்கச் சதை வற்ற ஆரம்பிக்கும். சில தேறும், சில தேறாது.

இதையெல்லாம் சினை ஊசி போடும் அன்றைக்கே பாதி தவிர்க்கலாம். சின்ன உடம்புக் கிடாரிக்கு முதல் ஈத்துக்குப் பெரிய கன்று போடுகிற எச்எஃப் (ஹோல்ஸ்டீன்) இன ஊசி வேண்டாம், ஜெர்சியே போடுங்கள் என்று ஊசி போடுகிறவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

அடியே படாமல் நொண்டுகிறவை

பிறந்த கன்று கணுவை மடக்கி அதன்மேல் நிற்கிறதா? தசைநார் இறுக்கம். லேசாக இருந்தால் வழுக்காத தரையில் நிற்க விட்டு, ஒரு நாளில் பலமுறை கணுவை மெதுவாக நீட்டிவிட்டாலே ஓரிரு நாளில் நிமிரும். மூன்றாம் நாளும் நிமிராவிட்டால் டாக்டரிடம் காட்டிப் பட்டை போடுங்கள்.

ஒரு வாரம், இரண்டு வாரக் கன்றுக்கு முட்டி உருண்டையாக வீங்கிச் சுட்டால் அடி என்று நினைக்காதீர்கள். தொப்புளைத் தொட்டுப் பாருங்கள். கனமாக, ஈரமாக, நாற்றமாக இருந்தால் அங்கிருந்து கிருமி மூட்டுக்கு வந்துவிட்டது. காய்ச்சலும் இருக்கும், கன்றின் இயல்பான சூடு 101.5-இலிருந்து 103 டிகிரி வரை. எண்ணெய் தேய்ப்பதால் பலனில்லை, உடனே மருந்து வேண்டும். பிறந்ததும் தொப்புளை டிங்க்சர் அயோடினில் முக்குவதும், ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் சீம்பால் கொடுப்பதும் இதைத் தடுக்கத்தான்.

இன்னொன்று: கன்றுக்குப் பின்சப்பையில் ஊசி போட விடாதீர்கள். சதை குறைவு, நரம்பில் பட்டால் கால் இழுத்துக்கொள்ளும். கழுத்தில் போடச் சொல்லுங்கள்.

வலி மருந்து

வீட்டில் இருக்கிற மனிதர் மாத்திரையைப் பொடித்துப் போடாதீர்கள். கன்றின் வயிற்றுக்கு ஆகாது என்பது ஒன்று. எங்கள் பக்கம் இன்னொரு காரணமும் உண்டு. மாயாறு பள்ளத்தாக்கில் மிச்சமிருக்கிற பாறுக் கழுகுகள் டைக்ளோஃபினாக் என்ற வலி மருந்து போட்ட மாடு செத்து, அதைத் தின்றால் சிறுநீரகம் கெட்டுச் சாகும். மாட்டுக்கு அந்த மருந்தை 2006-இல் தடை செய்தார்கள். 2023-இல் கீட்டோபுரோஃபெனும் அசிக்ளோஃபினாக்கும் தடைப்பட்டியலில் சேர்ந்தன. மெலாக்சிகாம் கழுகுக்குத் தீங்கு செய்யாது, கன்றுக்கும் நன்றாகக் கேட்கும். டாக்டரிடம் அதைக் கேட்டு வாங்குங்கள்.

மாவுக்கட்டுப் போட்ட பிறகு

இளங்கன்றின் எலும்பு நான்கிலிருந்து ஆறு வாரத்தில் கூடிவிடும். ஆனால் கன்று வளர்ந்துகொண்டே இருக்கும், கட்டு வளராது. அதனால் மூன்று வாரவாக்கில் ஒருமுறை டாக்டரிடம் காட்டி, தேவைப்பட்டால் மாற்றிவிடுங்கள். தினமும் மூக்கைக் கிட்டே வைத்து முகர்ந்து பாருங்கள். நாற்றம், கட்டுக்கு மேலே வீக்கம், ஈ மொய்ப்பது, நேற்று ஊன்றிய கன்று இன்று ஊன்றாமல் இருப்பது, இதில் ஒன்று தென்பட்டாலும் அன்றே பிரித்துப் பார்க்க வேண்டும். மாவுக்கட்டு மூத்திரத்தில் ஊறாமல் இருக்க அடிப்பாகத்துக்குப் பழைய சைக்கிள் டியூப் மாட்டுவோம். பிளாஸ்டிக் பை கட்டினால் உள்ளே வேர்த்து அழுகும்.

படுத்தே கிடக்கிற கன்றை இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை பக்கம் மாற்றுங்கள். 25 கிலோ கன்றுக்கு ஒரு நாளைக்கு இரண்டரை லிட்டர் பால், மூன்று வேளையாக. இருபக்கமும் வைக்கோல் மூட்டை அண்டக்கொடுத்து, நெஞ்சு தரையில் பட நிமிர்ந்து உட்கார வைத்த பிறகே புட்டியைக் கொடுங்கள். ஒருக்களித்தபடி ஊற்றினால் பால் நுரையீரலுக்குப் போய்விடும்.

கட்டுப் பிரித்ததும் கால் மெலிந்து, கணு தளர்ந்து, பார்க்கவே பயமாக இருக்கும். பெரும்பாலும் சில வாரத்தில் சரியாகும். அதுவரை சிமெண்டுத் தரையில் விடாமல், மண் தரையில் சின்னத் தடுப்புக்குள் வைத்திருங்கள். தாயிடம் ஊட்ட விடும்போது தும்பை நீங்களே கையில் பிடித்துக்கொள்ளுங்கள்.