இரண்டாம் பாகத்தில் சறுக்குகிற இடங்கள்

எங்கள் வாசிப்புக் குழுவுக்குப் புதிதாக வந்த பெண், ஒரு ஃபேன்டஸி தொடரின் இரண்டாம் பாகத்தைப் போன வாரம் திருப்பிக் கொடுத்தாள். "போரடிக்குதுக்கா. முதல் பாகத்து ஹீரோவையே காணோம்" என்றாள். புத்தகக்குறி நாற்பதாம் பக்கத்தில் இருந்தது. நானும் ஒரு காலத்தில் அதே மாதிரி ஒரு நாற்பதாம் பக்கத்தில் நின்றவள்தான். முதல் பாகம் படிக்காமல் இரண்டாவதைத் தொடுவது, பின்னட்டையை முதலில் படித்துவிடுவது போன்ற சறுக்கல்களை இங்கே விட்டுவிடுகிறேன். ஒருமுறை சூடுபட்டால் அதெல்லாம் தானாகப் புரிந்துவிடும்.

முதுகில் இருக்கும் எண்ணை நம்புவது

சி. எஸ். லூயிஸின் நார்னியா ஃபேன்டஸி வரிசையில் 1950இல் முதலில் வந்தது 'தி லயன், தி விட்ச் அண்ட் தி வார்ட்ரோப்'. 1951இல் இரண்டாவதாக வந்தது 'பிரின்ஸ் காஸ்பியன்'. இப்போது கிடைக்கும் பல பதிப்புகளில் கதை நடக்கும் காலப்படி எண் போட்டிருப்பதால், 1955இல் வந்த 'தி மெஜீஷியன்ஸ் நெஃப்யூ' ஒன்றாம் எண் ஆகிவிட்டது. காஸ்பியன் நான்கு. என் கட்சி வெளிவந்த வரிசைதான். நடுக்காட்டில், பனிக்குள் ஒரு தெருவிளக்கு ஏன் தனியாக எரிகிறது என்ற வியப்பு, 'மெஜீஷியன்ஸ் நெஃப்யூ'வில் அது முளைத்த கதையை முன்பே படித்தவருக்குக் கிடைக்காது.

நாயகனைத் தேடிப் பக்கம் புரட்டுவது

இதுதான் எனக்கு இன்னும் ஆறாத விஷயம்.

உர்சுலா லெ குவினின் எர்த்சீ வரிசையில் 1968இல் வந்த முதல் நாவலை இரண்டே நாளில் முடித்தேன். கெட் என்ற மந்திரவாதிப் பையன் மேல் அப்படி ஒரு பிடிப்பு. இரண்டாவதான 'தி டூம்ஸ் ஆஃப் அட்டுவான்' (1971) கைக்கு வந்ததும் அவனைத்தான் தேடினேன். காணோம். குழந்தையிலேயே வீட்டிலிருந்து பிரிக்கப்பட்டு, பெயரும் பறிக்கப்பட்டு, கல்லறைகளின் இருட்டுத் தெய்வங்களுக்குப் பூசாரியாக்கப்பட்ட ஒரு சிறுமியின் கதை ஓடிக்கொண்டிருந்தது. கல்லறைகளுக்கு அடியில் ஒரு பெரிய குகை. அதற்குள் விளக்குக் கொண்டுபோகவே கூடாது. சுவரைக் கையால் தடவித்தான் அவள் அங்கே வழி பழகுகிறாள். நானோ கட்டைவிரலால் பக்கங்களைச் சரசரவென்று தள்ளிக்கொண்டே, 'கெட்' என்ற பெயர் எங்காவது கண்ணில் படுகிறதா என்று பார்த்தேன்.

படவில்லை. ஏனென்றால் ஐந்தாம் அத்தியாயத்தில் அவன் பெயரில்லாமல் வருகிறான். வெளிச்சமே கூடாத இடத்தில் அவள் ஒரு வெளிச்சத்தைப் பார்க்கிறாள். அதோடு நிற்பவன் அவளைப் பொறுத்தவரை ஒரு திருடன், அவ்வளவுதான். நமக்கு உயிரான ஒருவனை அந்நியனாக, வேண்டாதவனாகப் பார்க்கவைப்பதற்காகத்தான் முதல் நான்கு அத்தியாயங்கள் நம்மை அவளோடு இருட்டில் நடக்கவிடுகின்றன. இருட்டே பழகாதவருக்கு அந்த வெளிச்சம் எப்படி உறைக்கும்? நான் அந்தப் பக்கத்தையும் தள்ளிவிட்டுப் போனேன். பெயர் கண்ணில் பட்டபோது நாவல் பாதியைத் தாண்டியிருந்தது.

அப்புறம் முதலிலிருந்து ஒழுங்காகப் படித்தேன்தான். ஆனால் யார் வரப்போகிறான், அவனுக்கு என்ன ஆகப்போகிறது என்று தெரிந்துவிட்ட பிறகு அது முதல் வாசிப்பு ஆகாது. (இப்போது உங்களுக்கும் பாதியைச் சொல்லிவிட்டேன். திட்டாதீர்கள், சொல்லாதது இன்னும் நிறைய இருக்கிறது.)

புதிய ஆளோடு தொடங்கும் இரண்டாம் பாகம் கையில் இருந்தால், அந்த ஆளுக்கு என்ன வேண்டும், எதைக் கண்டு பயம் என்று மட்டும் பார்த்துக்கொண்டே போங்கள். ஐந்து அத்தியாயம் பொறுத்தும் ஒட்டவில்லையா, மூடிவைத்துவிடுங்கள், தப்பே இல்லை. புரட்டாதீர்கள்.

எல்லாம் ஞாபகம் இருக்கிறது என்று உட்காருவது

அதே எர்த்சீ முதல் நாவலில், மணல்திட்டில் ஒதுங்கிக் கிடக்கும் ஒரு கிழவி கெட்டிடம் உடைந்த வளையத் துண்டு ஒன்றைக் கொடுப்பாள். படிக்கும்போது பெரிதாகத் தோன்றாது. இரண்டாவதில் அவன் அந்தக் கல்லறைக்குள் நுழைவதே அதன் மறுபாதிக்காக. எனக்கு அது சுத்தமாக மறந்துபோயிருந்தது.

அதற்காக முதல் பாகம் முழுவதையும் மறுபடி படிக்கத் தேவையில்லை. நான் அப்படிச் செய்து, இரண்டாவதைத் தொடும் முன்பே களைத்திருக்கிறேன். கடைசி மூன்று அத்தியாயங்களும் வரைபடமும் போதும். முதல் பாகம் முடித்த அன்றே யார் யாரிடம் என்ன கொடுத்தார், என்ன வாக்குக் கொடுத்தார் என்று ஒரு துண்டுத்தாளில் எழுதி உள்ளே செருகிவைத்தால் இன்னும் நல்லது. பெயரை மட்டும் இணையத்தில் தேடாதீர்கள். அடித்து முடிப்பதற்குள் 'எப்படி இறந்தான்' என்று தேடல் பெட்டியே மிச்சத்தைப் போட்டுவிடும்.

படம் பார்த்தாச்சு என்று தாண்டுவது

ஹாரி பாட்டர் இரண்டாம் பாகத்தில் (1998) வரும் நாட்குறிப்பு உண்மையில் என்ன என்பது ஆறாம் பாகத்தில்தான் (2005) தெரியவருகிறது. தாண்டியவர்கள் அங்கே போய் முழிப்பார்கள்.

புதிதாக வந்தவனை முதல் பார்வையிலேயே வெறுப்பது

மூன்றாம் பாகம் வரை பொறுங்கள்.

கடைசி ஐம்பது பக்கத்தை நள்ளிரவில் தொடங்குவது

மூன்றாம் பாகம் தலைமாட்டில் இல்லையென்றால் வேண்டாம்.