மழைக்கு முன் தெரு வடிகாலைச் சோதிப்பது எப்படி?

கடலூரில் அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிடும். பணி ஆய்வாளராகப் புதிதாகச் சேர்ந்த பெண்கள், செப்டம்பர் பாதிக்குள் வார்டு முழுக்க நடந்து பார்த்துவிடுங்கள். தூர்வாரியதாகக் காட்டும் பில் ரசீதை மட்டும் நம்ப வேண்டாம்.

15 மீட்டர் டேப், நீளக் கம்பி, 12 மீட்டர் டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பி மட்டம் பார்க்கும் குழாய்), சாக்பீஸ் போதும். டியூபில் ஒரு காற்றுக்குமிழி நின்றாலும் மட்டம் தப்பாகக் காட்டும். விரலால் சுண்டி வெளியேற்றிய பிறகே அளவெடுங்கள். 10 மீட்டருக்கு 5 செ.மீ. இறக்கம் இருந்தால் நல்லது. தேவனாம்பட்டினம் போன்ற கடலோரத் தட்டைத் தரையில் அது கிடைப்பது கஷ்டம், அங்கே அடிக்கடி தூர்வாரத்தான் வேண்டும். கடல் மட்டம் ஏறும்போதும் வடிகால் வெளியேறும் முகப்பைப் பாருங்கள். தண்ணீர் எதிர்த்து வரும்.

அடைப்பு பெரும்பாலும் வாசல் சாய்தளத்துக்கு அடியில்தான். கம்பியை விட்டுப் பாருங்கள்: 'சதக்' என்று இறங்கினால் சேறு, 'டக்' என்று நின்றால் கொட்டிய கான்கிரீட். அடைத்த வீட்டுக்காரருக்குக் கொடுக்கும் நோட்டீஸில் வெறுமனே 'ஆக்கிரமிப்பு' என்று எழுதினால் நிற்காது. கதவு எண், தேதி, 'அகலம் 60 செ.மீ., அடைப்பு 45 செ.மீ.' என்ற அளவு, டேப் வைத்தெடுத்த படம் எல்லாம் வேண்டும்.

மூடிய கால்வாய்க்குள் யாரையும் இறக்காதீர்கள். நச்சு வாயு நொடியில் ஆளைச் சாய்த்துவிடும்.