சீஸ் வண்டியை ஆன்லைன் ஏலத்தில் கேட்பவர்களுக்கு

ஏலத்தில் ஒரு வண்டி உங்கள் பெயருக்கு விழுந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: கேட்ட அத்தனை பேரிலும் அந்த வண்டிக்கு அதிக விலை போட்டவர் நீங்கள். மற்றவர்கள் எல்லோரும் 'இதற்கு மேல் வேண்டாம்' என்று கையை எடுத்துவிட்டார்கள். அவர்களில் பல பேர் வருடக்கணக்காக இதே தொழிலில் ஊறியவர்கள். அவர்களுக்குத் தெரியாத எது உங்களுக்குத் தெரிந்தது? வாழ்த்துச் சொல்லி மெசேஜ் வந்த பிறகு இதை யோசித்துப் பயனில்லை. டெபாசிட் கட்டும் முன்பே யோசிக்க வேண்டும்.

கொண்டலாம்பட்டிப் பக்கம் எங்கள் அண்ணன் ஆட்டோ கன்சல்டிங், அதாவது பழைய வண்டி வாங்கி விற்கும் கடை, வைத்திருக்கிறார். வண்டிக்கு அடியில் படுத்து ஆயில் கசிவு பார்ப்பது அவர் வேலை. கணக்கு எழுதுவதும் போனில் ஏலம் கேட்பதும் என் வேலை. தவணை கட்டாமல் ஃபைனான்ஸ்காரர்கள் எடுத்துவந்த வண்டிகள், அதாவது சீஸ் வண்டிகள், இப்போது நிறைய ஆன்லைனில்தான் ஏலத்துக்கு வருகின்றன. முன்பு புரோக்கர்கள் மட்டும் சுற்றி நின்று கேட்ட இடத்தில், இன்று நாகலூரில் காய் ஏற்றுகிறவரும் அம்மாப்பேட்டையில் தறி ஓட்டுகிறவரும் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தபடி கேட்கிறார்கள். நல்லதுதான். ஆனால் எடுத்த வண்டியை எங்கள் கடைக்குக் கொண்டுவந்து "அக்கா, இது என்ன விலைக்குப் போகும்?" என்று கேட்கும்போது எனக்குப் பதில் சொல்ல நா எழுவதில்லை.

ஏன் விலை கூடிப்போகிறது என்பதை முதலில் பார்த்துவிடுவோம். ஒரு குட்டியானை, அதாவது சின்னச் சரக்கு வண்டி, ஏலத்துக்கு வருகிறது. படங்கள் இருக்கின்றன, கிலோமீட்டர் போட்டிருக்கிறார்கள், இன்ஜின் நிலை யாருக்கும் சரியாகத் தெரியாது. பதினைந்து பேர் ஆளுக்கொரு மதிப்புப் போடுகிறார்கள். சிலர் குறைத்துப் போடுவார்கள், சிலர் கூட்டிப் போடுவார்கள். பதினைந்தையும் கூட்டி வகுத்தால் சரியான விலைக்குப் பக்கத்தில்கூட வரலாம். ஆனால் வண்டி நடுவில் இருப்பவருக்குப் போவதில்லையே. எல்லோரையும்விட உயர்த்திக் கணித்தவருக்குத்தான் போகிறது. "நான் என் மதிப்பு முழுவதையும் கொடுப்பதில்லை, இரண்டாவது ஆள் விட்ட இடத்துக்கு ஒரு படி மேலேதானே கொடுக்கிறேன்" என்று சிலர் கேட்பார்கள். உண்மைதான். ஆனால் பதினைந்து பேரில் அந்த இரண்டாவது ஆளும் உயரத்தில் நிற்பவர்தான்.

இதை முதலில் எழுத்தில் வைத்தவர்கள் வண்டி வியாபாரிகள் அல்ல, எண்ணெய்க் கம்பெனி இன்ஜினியர்கள். 1971-இல் கேப்பன், கிளாப், கேம்பெல் என்ற மூன்று பேர், மெக்சிகோ வளைகுடாவில் கடலடி எண்ணெய் நிலங்களை ஏலத்தில் எடுத்த கம்பெனிகளுக்கு ஏன் எதிர்பார்த்த லாபம் வரவில்லை என்று ஆராய்ந்து இதே காரணத்தைச் சொன்னார்கள். நிலத்துக்கு அடியில் எவ்வளவு எண்ணெய் என்பது யாருக்கும் தெரியாது. அதிகம் இருக்கும் என்று நம்பியவர் ஜெயித்தார், ஜெயித்த நிலத்தில் நம்பிய அளவு இல்லை. 1983-இல் பேசர்மேன், சாமுவேல்சன் என்ற இருவர் இதைக் கல்லூரி மாணவர்களிடம் சோதித்தார்கள். 8 டாலர் பெறுமானமுள்ள காசுகளை ஒரு ஜாடியில் போட்டு ஏலம் விட்டார்கள். மாணவர்களின் சராசரி மதிப்பீடு 5.13 டாலர்தான், அதாவது உண்மையைவிடக் குறைவு. இருந்தும் ஜெயித்த தொகையின் சராசரி 10.01 டாலர். கூட்டம் குறைத்து மதிப்பிட்டபோதும் ஜெயித்தவர் இரண்டு டாலர் நஷ்டப்பட்டார். எனக்கு இந்தக் கணக்கு மிகவும் பிடிக்கும். சந்தேகம் இருந்தால் வீட்டு விசேஷத்தில் ஒரு பாட்டிலில் சில்லறை போட்டு நீங்களே ஏலம் விட்டுப் பாருங்கள். சொந்தக்காரர்கள் கோபித்துக்கொண்டால் நான் பொறுப்பில்லை.

இதிலிருந்து முதல் பாடம்: கேட்கிறவர் கூடக் கூட உங்கள் உச்ச விலையைக் குறைக்க வேண்டும். மனசு இதற்கு நேர் எதிராகத்தான் இழுக்கும். 'இத்தனை பேர் கேட்கிறார்களே, வண்டி நல்ல வண்டிதான்போல' என்று தோன்றும். மூன்று பேர் கேட்டு ஜெயித்தால் உங்கள் கணிப்பு கொஞ்சம் கூடியிருக்கும், முப்பது பேரில் ஜெயித்தால் நிறையவே கூடியிருக்கும்.

விலையைப் பின்னாலிருந்து கணக்குப் போடுங்கள்

ஏலத்தில் காட்டும் ஆரம்ப விலையிலிருந்து மேலே ஏற்றிக் கணக்குப் போடாதீர்கள். ரோட்டில் ஓடத் தயாரான அதே மாடல், அதே வருட வண்டி சேலத்தில் என்ன விலைக்குக் கைமாறுகிறது என்பதிலிருந்து கீழே வாருங்கள். கன்சல்டிங் கடைகளில் ஏறி இறங்கிக் கேளுங்கள். விலை கேட்பதற்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. அவர்கள் சொல்வது விற்க நினைக்கும் விலை, பேசினால் இறங்கும், அதையும் குறைத்துக்கொள்ளுங்கள். இந்த ஒரு வேலையைச் செய்யாமல் ஏலத்துக்குப் போகிறவர்கள்தான் அதிகம். அமெரிக்காவிலும் இதே கதைதான். ஈபே தளத்தில் ஒரு போர்டு கேமுக்கு நடந்த ஏலங்களை ஆராய்ந்து மால்மெண்டியர், லீ என்ற இருவர் 2011-இல் எழுதினார்கள். அதே தளத்தில் அதே நேரத்தில் அந்தப் பொருள் நிலையான விலைக்கும் கிடைத்தது. இருந்தும் 42 சதவீத ஏலங்கள் அந்த விலையைத் தாண்டி முடிந்தன. பக்கத்துக் கடையை எட்டிப் பார்க்காத குணம் எல்லா ஊருக்கும் பொது.

ஒரு கணக்கு போட்டுக் காட்டுகிறேன். தொகைகளை உதாரணமாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ரெடி வண்டி 3,00,000 என்று வைப்போம். நான்கு டயர் 16,000. இன்சூரன்ஸ் 20,000. எஃப்சி-க்கு (வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்றிதழ்) பெயின்ட், ஸ்டிக்கர், பட்டி வேலை, கட்டணம் எல்லாம் சேர்த்து 15,000. பேட்டரி 5,000. கிளட்ச், பிரேக் 12,000. பழைய ஃபைன் 6,000. யார்டு (சீஸ் வண்டிகளை நிறுத்தி வைக்கும் இடம்) வாடகையும் வண்டியைக் கட்டி இழுத்து வரும் செலவும் 7,000. ஏலத் தளத்தின் கமிஷன், அதன் மேல் ஜிஎஸ்டி, ஆக 9,000. பெயர் மாற்றம், எச்.பி. கேன்சல் (ஆர்சி-யில் உள்ள கடன் பதிவை நீக்குவது) 5,000. மொத்தம் 95,000. மீதி 2,05,000.

பலர் இங்கே நிறுத்திவிட்டு 2,05,000 வரை கேட்கலாம் என்று உட்கார்கிறார்கள். இது எல்லாம் நீங்கள் நினைத்தபடியே இருந்தால் வரும் விலை. ஜெயித்தவர் நினைத்தபடி இருக்காது என்பதைத்தானே இவ்வளவு நேரம் பேசினோம். ஸ்டார்ட் செய்து பார்க்க விடாத வண்டி என்றால் 25,000-ஆவது கழியுங்கள். உச்சம் 1,80,000. இது சொந்த உபயோகத்துக்கு எடுப்பவருக்கு. வாங்கி விற்பவர் தன் லாபத்தையும் இதிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

கமிஷன், வாடகை, இழுவை மாதிரிச் சில்லறைச் செலவுகளைத் தனியாக எழுதச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஈபே-யில் ஹொசைன், மோர்கன் இருவரும் சிடி-க்களையும் வீடியோ கேம்களையும் விற்றுப் பார்த்து 2006-இல் எழுதினார்கள். ஆரம்ப விலையைக் குறைத்து அனுப்பும் செலவைக் கூட்டி வைத்தால், பெரும்பாலும் மொத்தத்தில் அதிகம் வசூலானது. ஏலம் சூடாகும்போது கண் ஏறும் விலையில்தான் இருக்கும், கூடவே வரும் செலவில் இருக்காது.

யார்டில்

படத்தை நம்பாதீர்கள். நேரில் போங்கள், மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு போங்கள். அவருக்குக் கொடுக்கும் கூலி வீண் போகாது. சேசிஸ் நம்பர் ஆர்சி-யுடன் ஒத்துப்போகிறதா, சாவி இருக்கிறதா, எஃப்சி எப்போது முடிகிறது என்று பாருங்கள். சரக்கு வண்டிக்கு எட்டு வயது வரை இரண்டு வருடத்துக்கு ஒரு முறை எஃப்சி, அதைத் தாண்டினால் வருடா வருடம். ஏழரை வயது வண்டி மலிவாக வருவதற்கு அதுவும் ஒரு காரணம். வண்டி நம்பரும் சேசிஸ் நம்பரும் கையில் இருந்தால் அரசின் பரிவாகன் தளத்தில் எவ்வளவு ஃபைன் நிற்கிறது என்று தெரிந்துவிடும். வெளி மாநிலப் பதிவு என்றால் அந்த ஊர் என்ஓசி (ஆட்சேபணை இல்லை என்ற சான்று), இங்கே கட்ட வேண்டிய டேக்ஸ் இரண்டையும் விசாரிக்காமல் ஏலம் கேட்கவே வேண்டாம்.

மழையிலும் வெயிலிலும் மாதக்கணக்கில் நின்ற வண்டியில் எலி ஒயரைக் கடித்திருக்கும். மலையில் ஓடிய வண்டி என்றால் அண்ணன் முதலில் கிளட்சையும் பிரேக் டிரம்மையும்தான் பார்ப்பார். அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு இருபது கொண்டை ஊசி வளைவு. லோடோடு தினமும் ஏறி இறங்கிய வண்டியின் கிலோமீட்டர் குறைவாக இருப்பதைப் பார்த்து ஏமாறக் கூடாது.

ஏலம் நடக்கும்போது

யூடியூபில் ஒரு யோசனை சொல்வார்கள்: கடைசி வினாடியில் விலையைப் போடு, மற்றவர் சுதாரிப்பதற்குள் முடிந்துவிடும் என்று. ஈபே மாதிரி குறித்த நேரத்தில் டக்கென்று மூடும் ஏலத்துக்கு அது சரி. ராத், ஆக்கன்ஃபெல்ஸ் இருவரும் 2002-இல் இதை ஒப்பிட்டுக் காட்டினார்கள். கடைசி நேரத்தில் யாராவது கேட்டால் தானாக நேரம் நீளும்படி வைத்திருந்த அமேசான் ஏலங்களில், கடைசி நிமிடக் கூட்டம் ஈபே-யைவிட மிகவும் குறைவு. சீஸ் வண்டி ஏலத்தில் நான் பார்ப்பதும் பெரும்பாலும் இந்த நீளும் வகைதான். முடியப் போகிறது என்ற நேரத்தில் ஒருவர் கேட்டால் இன்னும் சில நிமிடம் கூடும். அந்தச் சில நிமிடங்களில்தான் ஆட்கள் புத்தியை விடுகிறார்கள்.

நாகலூர்த் தம்பி ஒருவர் எங்கள் கடையில் உட்கார்ந்தே ஒரு ஏலம் கேட்டார். பத்து நிமிடம் அவர் பெயர் மேலே நின்றது. அதற்குள் 'நம்ம வண்டி' என்று பேச ஆரம்பித்துவிட்டார். கண்ணாடியில் 'சேர்வராயன் துணை' என்று எழுத ஸ்டிக்கர் கடைக்குப் போன் போட்டு விலையும் கேட்டாயிற்று. அப்போது வேறு யாரோ ஆயிரம் ஏற்றினார். வெறும் ஆயிரம்.

"அக்கா, ஆயிரந்தானுங்க. இவ்வளவு தூரம் வந்துட்டு ஆயிரத்துக்கு விடறதா?"

"தம்பி, அந்தப் பக்கம் இருக்கறவரும் அவங்க வீட்டுல இதேதான் சொல்லிட்டு இருப்பாரு."

அவர் என் பேச்சைக் காதில் வாங்கவில்லை. குறித்து வைத்திருந்த விலைக்கு மேல் இருபத்தெட்டு ஆயிரம் கூடுதலாகப் போய் நின்றார். ஒவ்வொரு படியும் ஆயிரம்தான்.

நான் செய்வது இது. உச்ச விலையை முதல் நாளே நோட்டில் எழுதி அண்ணனிடம் கையெழுத்து வாங்கிவிடுவேன். தளத்தில் ஆட்டோ பிட் வசதி (நாம் சொன்ன உச்சம் வரை தளமே நமக்காக ஏற்றிக் கேட்பது) இருந்தால் அந்தத் தொகையை அதில் போட்டுவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்துவிடுவேன். இந்த முறையில் நம் உச்சத்தை உண்மையாகப் போடுவதால் நஷ்டமில்லை. மற்றவர் நின்ற இடத்துக்கு ஒரு படி மேலேதான் நம்மிடம் வாங்கும். ஜெயித்தவர் இரண்டாவது விலையைக் கொடுக்கும் ஏலத்தில் உள்ளதை உள்ளபடி எழுதுவதே புத்திசாலித்தனம் என்று விக்ரி 1961-இலேயே காட்டினார், 1996-இல் அவருக்கு நோபல் பரிசும் வந்தது. ஆனால் நீங்கள் போடும் தொகை, மேலே சொன்ன கழிவெல்லாம் கழித்த தொகையாக இருக்க வேண்டும்.

மூடிய ஏலம் என்று ஒன்று உண்டு. மற்றவர் விலை தெரியாது, எழுதியதை எழுதியபடியே கட்ட வேண்டும். அதில் உச்சத்தையே எழுதினால் ஜெயித்தாலும் கையில் ஒன்றும் நிற்காது. இன்னும் கீழே எழுதுங்கள். எந்த வகை ஏலம் என்பதை விதிமுறையில் படித்த பிறகு டெபாசிட் கட்டுங்கள்.

விழுந்த பிறகு

பல ஏலங்களில் உங்கள் விலைதான் அதிகம் என்றாலும் ஃபைனான்ஸ் கம்பெனி அப்ரூவல் கொடுத்தால்தான் வண்டி உங்களுடையது. இந்த இடைவெளியில் ஒரு போன் வரும்: "இன்னும் பத்தாயிரம் ஏத்துங்க, அப்ரூவல் வாங்கித் தர்றேன்." என் பதில் எப்போதும் ஒன்றுதான்: "ஏத்த முடியாதுங்க, கேன்சல் ஆனா டெபாசிட்டைத் திருப்பி அனுப்பிடுங்க." சில சமயம் கேன்சல் ஆகும், சில சமயம் பழைய விலைக்கே அப்ரூவல் வரும்.

அப்ரூவல் வந்த பிறகு பின்வாங்கினால் டெபாசிட் போய்விடும். அதனால் மீதிப் பணம் கட்டக் கெடு எத்தனை நாள், பேப்பர் எத்தனை நாளில் வரும் என்பதை ஏலம் கேட்கும் முன்பே மெயிலில் எழுதி வாங்குங்கள். பழைய ஓனர் கையெழுத்துக்கு அலைய முடியாது. கம்பெனி 36-ஆம் நம்பர் படிவம் கொடுத்து ஆர்சி-யைத் தன் பெயருக்கு மாற்றி, அங்கிருந்து 29, 30 படிவங்களில் உங்கள் பெயருக்குக் கொடுக்கப் போகிறதா என்று குறிப்பிட்டுக் கேளுங்கள். கடன் முடிந்ததற்கான 35-ஆம் படிவமும் என்ஓசி-யும் வர வேண்டும் என்றால் அதையும் சேர்த்துக் கேளுங்கள். பேப்பர் வரும் வரை வண்டி ஷெட்டில்தான் நிற்கும், தவணைக்கு வாங்கிய பணத்துக்கு வட்டி மட்டும் ஓடும். இரண்டு மாதம் ஆகும் என்று பதில் வந்தால் அந்த இரண்டு மாத வட்டியையும் 1,80,000-இல் கழித்துவிட்டு ஏலத்தில் உட்காருங்கள்.